ரத்தத்தைக் கேட்டுத் தீர்ப்பு எழுதலாமா?

"ஏனுங்க, ரத்தத்தைச் சோதிச்சா ஒருத்தன் கொலை பண்ணுவானா மாட்டானான்னு சொல்லிடலாமாமே?" நாமக்கல் டீக்கடையில் பேப்பரை மடித்தபடி ஒரு பெரியவர் கேட்டார்.

சொல்ல முடியாதுங்க. ஆனால் மரபணுவைக் காட்டி வாதாடித் தண்டனையைக் குறைத்துக்கொண்டவர்கள் உண்டு.

நம் கோர்ட்டுகளில் டி.என்.ஏ. சோதனை ஆளை அடையாளம் காட்டத்தான். கத்தியில் இருந்த ரத்தம் யாருடையது, குழந்தைக்குத் தகப்பன் யார் என்று சொல்லும், குணத்தைச் சொல்லாது. வெளிநாட்டில் அதையும் முயன்றார்கள். மூளையில் செரோட்டோனின் போன்ற ரசாயனங்களைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குவது எம்.ஏ.ஓ.ஏ. என்ற மரபணு. நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தில் இது அடியோடு பழுதான ஆண்கள் முரட்டுத்தனமாக நடந்ததை 1993-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது மிக அபூர்வம். இதுவே மந்தமாக வேலை செய்யும் ரகம் ஐரோப்பிய ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. அத்தனை பேருமா அடிதடிக்குப் போகிறார்கள்? சின்ன வயதில் கொடுமைப்பட்டு வளர்ந்தவர்களிடம்தான் அந்த ரகம் வன்முறையோடு சேர்ந்து வந்தது என்றது 2002-ல் வெளியான நியூசிலாந்து ஆய்வு.

2009-ல் இத்தாலியின் திரியெஸ்தே அப்பீல் கோர்ட், மரபணுச் சோதனையையும் கணக்கில் எடுத்து ஒரு கொலையாளிக்கு ஓராண்டு குறைத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் டென்னசியில், கொலை வழக்கில் மரண தண்டனை கேட்கப்பட்ட பிராட்லி வால்ட்ரப்பின் மரபணுவைப் பற்றியும் அவர் சின்ன வயதில் பட்ட கொடுமையைப் பற்றியும் ஜூரிகள் கேட்டார்கள். திட்டமிட்ட கொலை என்று தீர்க்கவில்லை. 32 ஆண்டு சிறையோடு முடிந்தது.

இந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். பிறவிக் கோளாறு, பாவம் என்று ஒரு நீதிபதி குறைப்பார். பிறவியிலேயே இப்படியென்றால் எங்கே திருந்தப் போகிறான் என்று இன்னொருவர் கூட்டுவார்.

இரண்டாவது தீர்ப்பை நம் சீமை அனுபவித்திருக்கிறது. உப்பு மூட்டைகளை மாட்டின் மேல் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள் குறவர்கள். ரயில் வந்து அந்தப் பிழைப்பு போனது. 1911-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். சேர்க்கப்பட்டவர்களின் கைரேகை பதிவானது. போலீஸில் ஆஜர் கொடுக்க வேண்டும். அனுமதியில்லாமல் வெளியூர் போக முடியாது. ஒருவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை, யாருக்குப் பிறந்தார் என்பதே போதுமானதாக இருந்தது. அதற்கு மரபணுச் சோதனைகூடத் தேவைப்படவில்லை. 1947-ல் மாகாணம் அந்தச் சட்டத்தை ஒழித்தது. சேலம் மேல்நாடு குறவர், சேலம் உப்புக் குறவர் என்ற பெயர்கள் இன்றும் அரசின் சீர்மரபினர் பட்டியலில் இருக்கின்றன.

இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு, ஒரு செயலைச் செய்யும்போது அது இன்னதென்றோ தவறென்றோ மனநிலை பிறழ்ந்து அறிய முடியாமல் இருந்தவரை மட்டுமே விடுவிக்கிறது. மரபணு ரகம் அதை நிரூபிக்காது. மரண தண்டனைக்கு முன் குற்றவாளியின் வளர்ப்பையும் மனநலத்தையும் பார்க்கச் சொல்லி 2022-ல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. மரபணுப் பேச்சு நுழைந்தால் அந்த வாசலில்தான் நுழையும். அங்கேயும் அது ஒருவர் பட்ட பாட்டுக்குத் துணைச் சாட்சியாக நிற்கலாம். இனி இப்படித்தான் இருப்பார் என்று சொல்ல அதற்கு யோக்கியதை இல்லை.