புதிய நூலின் மீது வாசகர் ஆர்வம்

ஒரு நூல் வெளிவந்ததை அறிந்தவுடன் அதைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ளவும், வாங்கவும், படிக்கவும் மக்களிடம் எழும் விருப்பமே வாசகர் ஆர்வம் எனப்படுகிறது. நூலின் பொருள் புதிதாக இருப்பதால் மட்டும் இந்த ஆர்வம் எழுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்தியைப் பற்றி வரும் நூலும் பரவலாகப் படிக்கப்படுகிறது. எவரும் தொடாத பொருளைப் பற்றிய நூல் கவனிக்கப்படாமலே போவதும் உண்டு.

இதை விளங்கிக்கொள்ள ஸ்ரீபெரும்புதூர் நல்ல எடுத்துக்காட்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்துள்ள இவ்வூருக்கு மூன்று அடையாளங்கள் உள்ளன. வைணவ ஆசாரியர் இராமானுஜர் பிறந்த ஊர் என்பது முதலாவது. 1991-இல் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்பது இரண்டாவது. இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் எனப் பரந்து கிடக்கும் தொழிற்சாலை வட்டாரத்தின் மைய ஊர் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் பலமுறை எழுதப்பட்டவை. ஆயினும் அவற்றைப் பற்றிய புதிய நூல்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றுக்கு வாசகர்களும் கிடைக்கிறார்கள்.

ஆர்வம் பிறக்கும் விதம்

அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஆர்வத்தை ஓர் இடைவெளியாக விளக்கினார். ஒருவருக்குத் தெரிந்ததற்கும் அவர் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே உள்ள தூரமே அந்த இடைவெளி. ஒன்றுமே தெரியாத பொருளில் இடைவெளி இருப்பதே உணரப்படுவதில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ணும் பொருளிலும் அது தோன்றுவதில்லை. பாதி தெரிந்து பாதி தெரியாத நிலையில்தான் ஆர்வம் வலுப்பெறுகிறது.

தெரிந்த பொருளைப் பற்றிய நூல்கள் ஏன் விற்கின்றன என்பதற்கு இவ்விளக்கம் விடை தருகிறது. ஒரு நிகழ்வைப் பற்றி ஓரளவு அறிந்தவரே அதில் விடுபட்டது எது என்று கேட்கும் நிலையில் இருக்கிறார். 'உங்களுக்குத் தெரிந்த கதையில் இது மட்டும் தெரியாது' என்று சொல்லாமல் சொல்லும் நூல் அவரை ஈர்க்கிறது.

பாயிரம் தரும் விடை

வாசகர் ஒரு நூலை ஏன் கையில் எடுக்க வேண்டும் என்ற கேள்வியைத் தமிழ் இலக்கண நூலார் முன்பே எழுப்பியுள்ளனர். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாயிரம் இல்லாதது நூலாகாது என்று கருதுகிறது. நூலுக்கு முன் நின்று நூலை அறிமுகம் செய்யும் பகுதியே பாயிரம். ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைக் கூற வேண்டும்: ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு.

இன்றைய வாசகர் புத்தகக் கடையில் செய்வதும் ஏறத்தாழ இதுவே. அட்டையில் பெயரையும் ஆசிரியரையும் பார்க்கிறார். பின்னட்டையில் பொருளைப் படிக்கிறார். இது தமக்குரியதா, தமக்கு என்ன பயன் என்று எண்ணுகிறார். சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியரே செய்துகொள்ளக் கூடாது என்பதும் நன்னூலின் விதி. அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோரில் ஒருவர் அதைத் தர வேண்டும். தன்னைத் தானே புகழ்வதை வாசகர் நம்பமாட்டார் என்ற அறிவு இதற்குள் இருக்கிறது. இன்றைய அணிந்துரை, மதிப்புரை, நண்பரின் பரிந்துரை ஆகிய மூன்றும் இவ்விதியின் தொடர்ச்சிகள் எனலாம்.

தெரிந்த வாழ்க்கை, புதிய கோணம்

மரபின்படி இராமானுஜர் 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தார். அவருடைய வரலாற்றைக் குருபரம்பரை நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. திருக்கோட்டியூர் நம்பியிடம் பெற்ற மந்திரப் பொருளை அவர் அனைவருக்கும் வெளிப்படுத்திய நிகழ்ச்சி, வைணவர் அல்லாதோரும் அறிந்தது. எனவே இராமானுஜரைப் பற்றிப் புதிதாக எழுதுபவர் கதையைப் புதிதாகச் சொல்ல முடியாது. கோணத்தையே புதிதாக்க முடியும்.

பி. ஸ்ரீ. ஆச்சார்யா எழுதிய 'ஸ்ரீ ராமானுஜர்' என்னும் வாழ்க்கை வரலாறு 1965-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இந்திரா பார்த்தசாரதி அதே வாழ்க்கையை 'ராமானுஜர்' என்ற நாடகமாக எழுதினார். அதற்காக 1999-ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மான் விருது அவருக்கு வழங்கப்பட்டது. முன்னது மரபு வழி வரும் சரிதம். பின்னதில் சாதி வேற்றுமைக்கு எதிராக நின்ற சீர்திருத்தவாதியே முன்னிற்கிறார். 2015-இல் தொலைக்காட்சித் தொடராக இதே வரலாறு வந்தபோது அதை எழுதியவர் பகுத்தறிவு இயக்கத்தைச் சேர்ந்த மு. கருணாநிதி. அப்போது பொருளைக் காட்டிலும் 'இதை இவர் எழுதுகிறாரா?' என்ற வியப்பே பலரையும் கவனிக்க வைத்தது. ஆக்கியோன் பெயர் பாயிரத்தில் முதலில் வைக்கப்பட்டதன் காரணம் இங்கு விளங்குகிறது.

முடிவு தெரிந்த நிகழ்வு, தெரியாத வழி

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்த தேர்தல் பொதுக்கூட்டத்தில் மனித வெடிகுண்டுத் தாக்குதலில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். உடன் இருந்த காவலர்களும் பொதுமக்களும் உயிரிழந்தனர். இந்நிகழ்வின் முடிவு எவருக்கும் மறைவானதன்று. ஆயினும் இதைப் பற்றிய நூல்கள் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. அவை வெவ்வேறு இடத்திலிருந்து பேசுகின்றன.

சிறப்புப் புலனாய்வுக் குழுவின் தலைவராக இருந்த டி. ஆர். கார்த்திகேயன், ராதாவினோத் ராஜுவுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2004-இல் வந்தது. வழக்கின் தலைமைப் புலனாய்வு அதிகாரியாக இருந்த கே. ரகோத்தமன் தமிழில் எழுதிய 'ராஜீவ் கொலை வழக்கு' என்னும் நூலைக் கிழக்கு பதிப்பகம் வெளியிட்டது. ராஜீவின் இறுதிப் பயணத்தின்போது காரில் அவரைப் பேட்டி கண்ட செய்தியாளர் நீனா கோபால், நிகழ்வின் 25-ஆம் ஆண்டான 2016-இல் தம் நூலை வெளியிட்டார். வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன், நளினி ஆகியோரின் தரப்பைக் கூறும் நூல்களும் தமிழில் வந்துள்ளன. செய்தியாளர் அனிருத்ய மித்ராவின் ஆங்கில நூல் 2022-இல் வெளியாகி, 2025-இல் இணையத் தொடராகவும் ஆனது.

இந்நூல்களுக்கான ஆர்வத்தில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று, எழுதுபவர் நிகழ்வுக்கு எவ்வளவு அருகில் இருந்தார் என்பது. விசாரித்தவர், உடன் பயணித்தவர், சிறையில் இருந்தவர் ஆகிய ஒவ்வொருவரிடமும் பிறரிடம் இல்லாத ஏதோ ஒன்று இருக்கும் என்று வாசகர் எதிர்பார்க்கிறார். மற்றொன்று, வழக்கு நீதிமன்றத்தில் தொடர்ந்து மாறிவந்தது. 1998-இல் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. நால்வருக்கு மரண தண்டனையை உறுதி செய்து, மூவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த முன்னாள் அதிகாரியே, அவர் சொன்னதில் ஒரு பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013-இல் கூறினார். 2022 மே மாதத்தில் பேரறிவாளனும், நவம்பரில் எஞ்சிய ஆறு பேரும் உச்ச நீதிமன்ற ஆணையால் விடுதலை பெற்றனர். ஒவ்வொரு திருப்பமும் தெரிந்த கதையில் ஒரு புதிய இடைவெளியைத் திறந்தது.

காலமும் சூழலும்

ஒரே நூல் ஒரு காலத்தில் கவனிக்கப்படாமலும் மற்றொரு காலத்தில் தேடப்படுவதாகவும் இருக்கலாம். இதற்கான காரணங்கள் பல.

விழாக்களும் கண்காட்சிகளும்: சென்னைப் புத்தகக் கண்காட்சி 1977 முதல் நடந்துவருகிறது. பொங்கலை ஒட்டி அது நடப்பதால் தமிழ்ப் பதிப்பகங்கள் பல, புதிய நூல்களை டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெளியிடுகின்றன.

தொடராக வருதல்: கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-இல் கல்கி இதழில் தொடங்கி 1954 வரை வந்தது. வாரந்தோறும் காத்திருந்த வாசகர், நூலாக வரும் முன்பே அதன் வாசகராகிவிட்டார்.

திரைப்படம்: பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்ட நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என 2007-இல் தமிழாக்கினார். 2013-இல் பாலாவின் 'பரதேசி' திரைப்படம் வந்தபோது அந்நாவலைப் பற்றிய பேச்சு புதிய வாசகர்களிடம் சென்றது.

சர்ச்சை: பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. எதிர்ப்பு எழுந்தது 2014-இன் இறுதியில்தான். தேர்ந்தெடுத்த சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டுப் பரப்பப்பட்டன. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. சர்ச்சை ஒரு நூலின் பெயரைப் பலருக்கும் கொண்டு சேர்க்கும். ஆனால் பெயரை அறிந்தவர் எல்லோரும் நூலைப் படித்தவர் ஆவதில்லை.

தம் வாழ்வைக் காணும் ஆவல்

அறியாததை அறியும் விருப்பம் போலவே, தாம் நன்கு அறிந்ததை எழுத்தில் காணும் விருப்பமும் ஆர்வத்திற்குக் காரணமாகிறது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதினார். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளைச் சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை'யில் எழுதினார். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர் வாழ்க்கையைக் கூறும் டி. செல்வராஜின் 'தோல்' 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்தந்த ஊரார் இந்நாவல்களில் தம் தெருவையும் பேச்சையும் தேடுகிறார்கள். வெளியூர் வாசகர் தாம் உடுத்தும் துணிக்கும் உண்ணும் உப்புக்கும் பின்னே இருக்கும் மனிதரைக் காண்கிறார்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் இத்தகைய எழுத்துக்குரிய பொருள் நிறைய உள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி 1998-இல் தொடங்கியது. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை பல்லாயிரம் இளைஞருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேலை தந்து 2014 நவம்பரில் நின்றுபோனது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024-இல் ஒரு மாதத்திற்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தனர். செய்தித்தாளில் இவை முதலீடு, உற்பத்தி, போராட்டம் என்ற சொற்களில் வருகின்றன. ஷிப்டு பேருந்து, விடுதி அறை, ஊருக்கு அனுப்பும் பணம், ஆலை மூடியபின் திரும்பிய வாழ்க்கை ஆகியவை அச்சொற்களுக்குள் அடங்குவதில்லை. செய்தி நின்ற இடத்தில் தொடங்கும் நூலுக்கு வாசகர் இருப்பார்.

ஆர்வத்திற்குத் தடைகள்

ஆர்வம் எழுவது, நூலை வாங்குவது, படித்து முடிப்பது ஆகிய மூன்றும் வேறு வேறு. இடையில் விலையும் நேரமும் கிடைக்கும் தன்மையும் தடையாகலாம். கல்கியின் படைப்புகள் 1999-இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டதும் பல பதிப்பகங்கள் அவற்றை அச்சிட்டன. குறைந்த விலைப் பதிப்புகள் பெருகின. விலை குறைந்ததும் ஏற்கெனவே இருந்த ஆர்வம் வாசிப்பாக மாறியது. இரவு ஷிப்டு முடித்து விடுதிக்குத் திரும்பும் தொழிலாளிக்குப் பெரிய நாவலை விடச் சிறுகதைத் தொகுப்போ ஒலிநூலோ எளிதாக அமையலாம். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால் உருவான நூலகங்கள், விலை கொடுத்து வாங்க இயலாதவரின் ஆர்வம் அணையாமல் காக்கின்றன.

ஆர்வமும் மதிப்பும்

ஒரு நூல் ஆர்வத்தைத் தூண்டுவதாலேயே அது நம்பத்தக்கதாகிவிடாது. ராஜீவ் கொலை வழக்கு நூல்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2004-இல் எழுதப்பட்ட நூலில் 2022-இன் விடுதலை ஆணை இருக்க இயலாது. விசாரித்தவரின் நூலும் தண்டிக்கப்பட்டவரின் நூலும் ஒரே இரவைப் பற்றிப் பேசினாலும் அவற்றின் காரணம் வேறு. முதல் நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்ற 26 பேரில் பெரும்பாலோர் பின்னர் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டனர் என்பதை நினைத்தால், ஒரே தரப்பைப் படித்து முடிவுக்கு வருவதன் ஆபத்து புரியும். குண்டுவெடிப்பில் உறவினரை இழந்த குடும்பங்களும் இவ்வழக்கில் உண்டு. அவர்களுடைய இழப்பு எந்த நூலுக்கும் விற்பனைப் பொருளாகிவிடக் கூடாது.

எனவே மாணவரும் பொது வாசகரும் புதிய நூலைத் தேரும்போது பாயிரம் கேட்கும் கேள்விகளையே கேட்கலாம். எழுதியவர் யார்? எந்த வழியில் அவருக்கு இச்செய்தி கிடைத்தது? எந்தக் காலத்தில், எக்காரணம் பற்றி எழுதினார்? யாரை நோக்கி எழுதினார்? இக்கேள்விகள் முதலில் நூலை எடுக்கத் தூண்டுகின்றன. படித்து முடித்தபின் அவற்றையே மீண்டும் கேட்டால், நூலை எடைபோடவும் அவை உதவுகின்றன.