தீராத அடிவயிற்று வலி: ஸ்கேன் சொல்லாத காரணங்கள்

‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்லம்மா’ என்ற பதிலோடு வீடு திரும்பும் பெண்கள் ஏராளம். தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்புக் கூட்டுக்குள், ஆறு மாதங்களுக்கு மேலாக விட்டுவிட்டோ விடாமலோ வலி இருந்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட இடுப்புக்குழி வலி என்கிறார்கள். ரத்தம், சிறுநீர், அல்ட்ராசவுண்ட் என எல்லாமே நார்மல் என்று வந்தபின் கிடைப்பது வலி மாத்திரை. அல்லது ‘கல்யாணம் ஆனா சரியாயிடும்’, ‘ஒரு குழந்தை பெத்தா சரியாயிடும்’ என்ற ஆறுதல். அந்தப் பரிசோதனைகளால் கண்டுபிடிக்கக்கூடிய நோய் இல்லை என்பது மட்டுமே இதுவரை தெரியவந்திருக்கிறது. வலிக்கான தேடல் அங்கே முடிந்துவிடக் கூடாது.

எண்டோமெட்ரியோசிஸை எடுத்துக்கொள்வோம். கர்ப்பப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை, வயிற்றின் உட்சவ்வு போன்ற இடங்களில் வளரும் நோய் இது. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம், அதாவது உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பேர், இதனால் அவதிப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சினைப்பையில் ‘சாக்லேட் சிஸ்ட்’ ஆகத் திரண்டிருந்தால் வழக்கமான ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். உட்சவ்வில் சிறு புள்ளிகளாகப் படர்ந்திருந்தால் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. இரண்டின் கண்ணிலும் படாமல் போகலாம். புள்ளி சிறியதென்றால் வலியும் சிறியது என்று கொள்ள முடியாது. நோய் பரவிய அளவும் வலியின் அளவும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்துத்தான் இந்நோயை உறுதிப்படுத்த வேண்டும் என்ற பழைய நிலைப்பாட்டை, இத்துறையின் ஐரோப்பிய நெறிமுறை 2022இல் தளர்த்திவிட்டது. அறிகுறிகள் பொருந்தினால் அறுவை சிகிச்சைக்குக் காத்திராமல் ஹார்மோன் மருந்துகளைத் தொடங்கிப் பார்க்கலாம்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. ஸ்கேனில் சின்ன நீர்க்கட்டியோ, ஒரு சிறு ஃபைப்ராய்டோ, பின்பக்கம் சாய்ந்த கர்ப்பப்பையோ தென்பட்டால் உடனே அதன் மீது பழி விழுகிறது. வலியே இல்லாத எத்தனையோ பெண்களுக்கும் இவை உண்டு. ஆகவே ஒன்று கண்ணில் பட்டது என்பதாலேயே அது காரணம் ஆகிவிடாது. வலி வரும் நேரமும் இடமும் விதமும் அதோடு பொருந்த வேண்டும்.

வலியின் நடத்தையைக் கேட்டாலே பாதி வழி தெரிந்துவிடும். சிறுநீர்ப்பை நிறைய நிறைய வலித்து, கழித்ததும் தணிந்தால், யூரின் கல்ச்சரில் கிருமியும் இல்லையென்றால், சிறுநீர்ப்பை வலி நோயை நினைக்க வேண்டும். இவர்களில் பலர் இல்லாத தொற்றுக்கு ஆண்டுக்கணக்கில் ஆன்டிபயாடிக் விழுங்கியிருப்பார்கள். மலம் கழிப்பதோடு வலி கூடியோ குறைந்தோ, மலத்தின் தன்மையும் மாறிக்கொண்டிருந்தால் குடல் எரிச்சல் நோய். நாளெல்லாம் நின்று வேலை செய்து, மாலையில் அடிவயிறு கனத்து, படுத்தால் இதம் கிடைத்தால், இடுப்புக்குழி ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கலாம். பல பிரசவம் கண்டவர்களிடம் இது அதிகம். நம் நாட்டில் பிறப்புறுப்புக் காசநோயையும் மறந்துவிடக் கூடாது. குழந்தையின்மைக்காக வரும் பெண்களிடம் அது ஓசையின்றி ஒளிந்திருப்பது உண்டு.

அதிகம் கோட்டைவிடப்படுவது தசையும் நரம்பும்தான். சிசேரியன் அல்லது குடலிறக்க அறுவை சிகிச்சையின் தழும்புக்கருகே நரம்பு சிக்கிக்கொள்ளலாம். விரல் நுனியால் காட்டக்கூடிய ஒரே இடத்தில் சுரீரென்று வலிக்கும். இதைக் கண்டறிய எந்த இயந்திரமும் தேவையில்லை. நோயாளி மல்லாந்து படுத்திருக்க, மருத்துவர் அந்த இடத்தை அழுத்தியபடி தலையையும் தோளையும் தூக்கச் சொல்வார். அப்போது வலி கூடினால் அது பெரும்பாலும் வயிற்றுச் சுவரிலிருந்து வருவது; குறைந்தால் உள்ளுறுப்பிலிருந்து வருவது. கார்னெட் என்ற அறுவை மருத்துவர் 1926இல் விவரித்த சோதனை இது. அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டதும் வலி அடங்கினால் காரணமும் தெரிந்தது, சிகிச்சையும் தொடங்கியது. ஒரு நிமிடம்கூடப் பிடிக்காத இந்தச் சோதனையைச் செய்யாமலே எத்தனை பேரை லேப்ராஸ்கோப்பிக்கு அனுப்புகிறோம் என்பது வேதனையான கேள்வி.

இடுப்புத்தளத் தசைகள் இறுகிப்போனாலும் இதே கதைதான். உட்கார்ந்தால் வலி, உடலுறவின்போதும் மறுநாளும் வலி. மருத்துவர் ஒற்றை விரலால் அந்தத் தசைகளைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் தசையைத் தளர்த்தக் கற்றுக்கொடுப்பார். இறுகிய தசையுள்ளவர்கள் யாரோ சொன்னார்கள் என்று, இதே தசைகளை இறுக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சி செய்தால் வலி கூடவே வாய்ப்பு அதிகம்.

ஒரே காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பதும் சிக்கல்தான். கர்ப்பப்பை, குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் வலிச் செய்திகள் தண்டுவடத்தில் ஒரே பகுதியில் சென்று சேர்கின்றன. ஒன்றில் தொடங்கிய வலி மற்றதையும் கிளறிவிடும். நாளாக ஆக நரம்பு மண்டலமே கூருணர்வு அடைந்து, முதல் காரணம் மறைந்த பிறகும் வலி தொடரும். இது மனப்பிரமை அல்ல, நரம்புகளில் நிகழும் மாற்றம். அதனால்தான் வலி நிபுணர், பிசியோதெரபிஸ்ட், மனநல ஆலோசகர் ஆகியோரின் உதவியும் சேர்ந்து தேவைப்படுகிறது.

இத்தனையும் பார்க்காமல் ‘கர்ப்பப்பையை எடுத்துடலாம்’ என்று சொல்வது பெரிய அநீதி. வலி தசையிலோ சிறுநீர்ப்பையிலோ இருந்தால் கர்ப்பப்பையை அகற்றி என்ன பயன்? எண்டோமெட்ரியோசிஸ் வேறிடங்களில் எஞ்சியிருந்தால் அப்போதும் வலி நீடிக்கலாம். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கம் தொடர்பான பொதுநல வழக்கில், இதைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. ‘எந்த நோய்க்காக எடுக்கிறீர்கள், வேறு சிகிச்சை இல்லையா?’ என்று கேட்பதும், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் ஒவ்வொரு பெண்ணின் உரிமை.

ஆண்களுக்கும் இந்த வலி உண்டு. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே வலி என்றதும் ‘புராஸ்டேட் தொற்று’ என்று ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது. புராஸ்டேட் அழற்சி என்று சொல்லப்படுபவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் கிருமியே கிடையாது.

மருத்துவரிடம் போகுமுன் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: வலி வந்த நாள், மாதவிலக்கு, சிறுநீர், மலம், உடலுறவு, அதிக நேரம் உட்கார்ந்தது, முன்பு நடந்த அறுவை சிகிச்சைகள். ஆனால் மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு, மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, புதிதாகத் தென்படும் கட்டி ஆகியவை இருந்தால் குறிப்பு எழுதி நாள் கடத்தாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு கடும் வலி வந்தாலோ, மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்குத் திடீரென வலி வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.