எடைக்கல்லும் ஐநூறு ரூபாய்த் தராசும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. சிதம்பரத்துக் கூத்தபிரானின் பெயர், ஓர் எடைக்கல்லுக்கு! இன்று சிதம்பரம் நகைக்கடையிலும் சரி, கடலூர் முதுநகர் மீன் விற்பனையிலும் சரி, பேசுவது எண் காட்டும் மின்னணுத் தராசுதான்.

பழைய எடைகளான வீசையும் பலமும் சட்டென்று மறைந்துவிடவில்லை. மெட்ரிக் எடை 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக வந்தது. அதற்குப் பிறகும் பாட்டிமார் வீசைக் கணக்கிலேயே புளி கேட்டார்கள். அந்தக் காலத்து வெள்ளிக்கோல் என்ற கைத்தராசில் கல்லை மாற்றுவதில்லை, தூரத்தைத்தான் மாற்றுவார்கள். எடையைத் தூரத்தால் பெருக்கினால் இருபுறமும் சமம். இந்த விதியைப் பள்ளிக்கூடம் போகாத வியாபாரியும் கையில் வைத்திருந்தார்.

மாதிரி விமானம் செய்கிறவருக்கும் இதே விதிதான் வேண்டும். முன்பெல்லாம் பால்சா மரத்தில் விமானம் செய்து, இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். வால் சாய்ந்தால் மூக்கில் ஈயத்துண்டு. இன்ஜினின் இழுவையை அறிய வாலில் ஸ்பிரிங் தராசை மாட்டுவார்கள், முள் நடுங்கிக்கொண்டே இருக்கும். கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நல்ல தராசு இருந்தது; அதை விமானத்துக்கு யார் தருவார்கள்?

இன்று ஐநூறு ரூபாய்க்குள் சமையலறைத் தராசு கிடைக்கிறது. அதைத் திறந்தால் உள்ளே ஓர் அலுமினியக் கட்டை, அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோக இழைகள். பாரம் ஏறக் கட்டை வளைகிறது, இழை நீள்கிறது, மின்தடை இம்மியளவு மாறுகிறது. அந்த இம்மியை எச்எக்ஸ்711 என்ற சிறு சில்லு பெரிதாக்கி எண்ணாக்கும். அதை ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் இணைத்தால் தராசு நம் சொல்படி கேட்கும்.

இரண்டு தராசு இருந்தால் விரலுக்கு வேலையில்லை. முன்சக்கரங்கள் ஒன்றில், வால்சக்கரம் மற்றொன்றில். முன்னே 900 கிராம், பின்னே 100 கிராம், சக்கரங்களுக்கு இடையே 60 சென்டிமீட்டர் என்றால், 100ஐ 60ஆல் பெருக்கி மொத்த எடை 1000ஆல் வகுக்க வேண்டும். ஈர்ப்பு மையம் முன்சக்கரத்திலிருந்து 6 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. வெள்ளிக்கோல் கணக்கேதான்!

மோட்டாரின் உந்துவிசைக்கு 'எல்' வடிவக் கை ஒன்று போதும். நிற்கும் கையில் மோட்டார், படுத்த கையின் நுனி தராசுத் தட்டில், மூலையில் சுழலும் அச்சு. இரு கைகளும் ஒரே நீளமாக இருந்தால், தொடக்கத்தில் பூஜ்யமாக்கிய தராசு காட்டும் கிராமே உந்துவிசை. மோட்டாரை நேராகத் தட்டின்மேல் வைப்பது சோம்பேறித்தனம். விசிறிக் காற்றே தட்டை அழுத்தி எண்ணைக் கெடுத்துவிடும். மலிவுத் தராசுகள் சிறிது நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும், மெல்ல ஏறும் பாரத்தைப் பூஜ்யமாக எண்ணி விழுங்கியும்விடும். பழைய காட்சிப் பலகையைக் கழற்றிச் சில்லைப் பொருத்துவது இதற்காகத்தான்.

இப்படிக் கைவேலையாகக் கருவி செய்வதை விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம். 1901இல் ரைட் சகோதரர்கள் இறக்கை வடிவங்களைச் சோதித்த தராசு, சைக்கிள் ஸ்போக் கம்பியாலும் ஹாக்சா பிளேடாலும் ஆனது. விலை கொடுத்து வாங்கிய கருவியைவிட, பிரித்துப் பார்த்த கருவியே படிக்கிற பிள்ளைக்கு அதிகம் கற்றுத்தரும் என்பது என் கட்சி.

எடைக்கு இன்று சட்டமும் இருக்கிறது. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்படாத ட்ரோன் 'நானோ' வகை. அதை ஓட்டுகிறவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஒரு பேட்டரி கூடினாலே அந்தக் கோடு தாண்டிவிடும்.

முயல்கிறவர்களுக்கு இரண்டு சொல். மோட்டாரைச் சோதிக்கும்போது கருவியை மேசையோடு இறுக்கிக் கட்டி, விசிறிக்கு நேரே நிற்காமல் பின்னால் நில்லுங்கள். பிரித்த தராசை மறுபடி மூடி யாருக்கும் காய்கறி நிறுத்துக் கொடுக்காதீர்கள். கடைத் தராசுக்கு அரசு முத்திரை கட்டாயம்.