முத்திரைக்குத்தான் விலை: பரோயே நோட்டு வாங்குவோர் கவனத்துக்கு

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. சில நாட்களிலேயே பிரிட்டிஷ் படை டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த பரோயே தீவுகளில் இறங்கியது. ஜெர்மானியர் வசமான நாட்டிலிருந்து டேனிஷ் நோட்டுகள் வந்து குவிந்துவிடக் கூடாதே என்று, தீவில் புழங்கிய நோட்டுகளில் ‘பரோயேவில் மட்டும் செல்லும், பரோயே மாவட்டம், ஜூன் 1940’ என்று முத்திரை குத்தினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மாவட்ட நிர்வாகம் சொந்தமாகவே நோட்டு அச்சடித்துவிட்டது.

சேகரிப்பாளர்கள் ஆசைப்படும் இந்த முத்திரை நோட்டுதான் மோசடிக்காரர்களுக்கும் வசதி. காகிதம் அசல், நீர்க்குறி அசல், வரிசை எண்ணும் அசல். சாதாரணப் பழைய டேனிஷ் நோட்டு ஒன்றில் போலி முத்திரை குத்திவிட்டால் விலை எங்கோ போய்விடும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது இங்கே வீண் வேலை. மையின் நிறத்தையும் எழுத்தின் வடிவத்தையும் நம்பகமான கேட்டலாக் படத்தோடு ஒப்பிடுங்கள். நோட்டில் அச்சான ஆண்டு 1940-க்குப் பிந்தையது என்றால் பேச்சே வேண்டாம்.

பில்லில் ‘பழைய நோட்டு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஏற்காதீர்கள். ‘1940 பரோயே முத்திரை, அசல்’ என்று எழுதி வாங்குங்கள்.

டென்மார்க்கில் வியாபாரியிடம் ஆன்லைனில் வாங்கினால், கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம். இந்த உரிமையை அவர் உங்களுக்குத் தெரிவிக்காவிட்டால் கெடு மேலும் 12 மாதம் நீளும். நேரில் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்துக்கு இது பொருந்தாது. தனிநபரிடம் வாங்கினாலும் கிடையாது. போலி என்று தெரிந்தால் வியாபாரியிடம் புகார் செய்ய, நோட்டு கைக்கு வந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அவர் மசியாவிட்டால் வீபோர் நகரிலுள்ள நெவ்னெனெஸ் ஹூஸ் அமைப்பின் நுகர்வோர் குறைதீர் பிரிவுக்குப் போகலாம். தனிநபர் ஏமாற்றியிருந்தால் வழி நீதிமன்றம்தான். திட்டமிட்ட மோசடி என்றால் 114-க்கு அழைத்துப் போலீசில் சொல்லுங்கள். நோட்டு, உறை, உரையாடல் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

பரோயே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை; அங்கிருந்து தபாலில் வரவழைத்தால் வாட் வரி, சுங்கச் செலவு சேரலாம். ‘பழசானாலும் வங்கியில் மாற்றிக்கொள்ளலாம்’ என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். டேனிஷ் 1000 குரோனர் நோட்டும் பழைய வரிசை நோட்டுகளும் 2025 மே 31-க்குப் பிறகு செல்லாது. அவற்றைச் சேகரிப்புக்காக வாங்கலாம், பணமாக நினைத்து வாங்கக் கூடாது.