காவிரிக் கரையில் மூன்று நாள்

ஊர் காணப் புறப்படுவோர் பலர். ஊரைக் கண்டு திரும்புவோர் சிலரே. விடியுமுன் வண்டியேறி, ஒரே நாளில் பத்துக் கோயில்களையும் ஐந்து நகரங்களையும் சுற்றிவிட்டு நள்ளிரவில் வீடு சேர்ந்தவரிடம், கண்டது யாது என வினவினால், வழியில் பட்ட களைப்பையே அவர் விரித்துரைப்பார். இதற்குக் காரணம் பொருட்குறைவு அன்று. புறப்படுமுன் சிந்தியாமையே ஆகும். எவ்வழியே செல்வது, எப்பருவத்தில் செல்வது, எவ்விடத்தில் எப்பொழுது இருப்பது, எதனைக் காணாது விடுவது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே வண்டியை எடுத்தல் வேண்டும். திருச்சிராப்பள்ளியிலிருந்து பூம்புகார் வரை மோட்டார் வண்டியில் செல்லும் மூன்று நாட் பயணம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இவ்வுண்மை விளங்கும்.

முதலாவது, வழி. நாட்டுப்படத்தில் புகழ்பெற்ற ஊர்களைக் கோடிட்டு இணைப்பது எளிது. ஆனால், ஊர்களைக் கோக்கும் நூல் ஒன்று இருந்தால்தான் பயணம் மாலையாகும். இங்கே அந்நூல் காவிரியாறு. கல்லணை, திருவையாறு, தஞ்சாவூர், கும்பகோணம், பூம்புகார் ஆகிய ஊர்கள் யாவும் அவ்வாற்று நீரால் வளம் பெற்றவை. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஒரே நாளில் ஓட்டிவிடக்கூடிய தொலைவுதான். எனினும், ஆற்றங்கரைச் சாலைகள் குறுகியவை, வளைவு மிக்கவை. மிதிவண்டிகளும் மாடுகளும் பள்ளிச் சிறுவரும் அவற்றில் செல்வர். அறுவடைக் காலத்தில் நெல்லும் வைக்கோலும் சாலையிலேயே உலரும். ஆதலின், மணிக்கு 30 கிலோமீட்டர் என்றே கணக்கிட்டு, இருட்டுமுன் தங்குமிடம் சேருமாறு நாளைப் பகுத்தல் நன்று. புறப்படுமுன் தடையையும் சக்கரங்களையும் மாற்றுச் சக்கரத்தையும் சோதித்தல் வேண்டும். வண்டி ஓட்டுபவருக்கு உறக்கம் குறைந்தால் அனைவர்க்கும் இடர் விளையும் என்பதையும் மறத்தல் ஆகாது.

இரண்டாவது, பருவம். போதிய நீர் உள்ள ஆண்டுகளில், 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையைப் பாசனத்திற்காக ஜூன் 12ஆம் நாள் திறந்து, ஜனவரி 28ஆம் நாள் மூடுவது வழக்கம். கோடையில் செல்பவர் பல இடங்களில் ஆற்றைக் காணார், மணலையே காண்பர். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை பெய்யும். தை பிறக்கும் வேளையிலோ ஆற்றில் நீரும் வயலில் விளைந்த சம்பா நெல்லும் ஒருங்கே காணலாம். பெரும்பாலும் அம்மாதத்தை ஒட்டியே திருவையாற்றில் தியாகராசர் விழா நடைபெறும். அந்நாளில் கூட்டம் மிகுமாதலின், தங்குமிடத்தை முன்னரே உறுதி செய்துகொள்ளுதல் இன்றியமையாதது.

மூன்றாவது, பொழுது. முதல்நாட் காலையில் கல்லணையில் நிற்பவர், ஆற்றுநீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து செல்வதையும், மிகுநீர் கொள்ளிடத்தில் வடிவதையும் கண்ணாரக் காணலாம். இவ்வணையைக் கட்டியவன் கரிகாற்சோழன் என்பர். ஆழம் காணவியலாத மணற்படுகையில் பெருங்கற்களை இட்டால் அவை தாமே அமிழும். அவற்றின்மேல் மீண்டும் கற்களை அடுக்கினால் அடித்தளம் உறுதிப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் இம்முறையைக் கற்றே தம் அணைகளை எழுப்பினார். அங்கிருந்து கரையோரமாகத் திருவையாறு சென்று, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு ஆகியவற்றின் பாலங்களைக் கடந்து மாலையில் தஞ்சாவூரை அடையலாம்.

இரண்டாம் நாள் விடியற்காலையே பெரிய கோயிலுக்கு உரியது. முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் நிறைவுசெய்த அக்கோயிலின் விமானத்தில் இளவெயில் படும் காட்சி நண்பகலில் கிட்டாது. கல் சுடும் வேளையில் பிராகாரத்தில் நடக்கவும் இயலாது. கோயில்கள் பலவற்றில் நண்பகலில் நடை சாத்தப்பெறும். இதனை அறியாது வருவோர் பூட்டிய கதவைக் கண்டு மீள்வர். அறிந்தவரோ அவ்வேளையைச் சுவாமிமலையில் செலவிடுவர். அங்குச் சிற்பிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்தபின் அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். மாலையில் தாராசுரம் சேர்ந்தால், இரண்டாம் இராசராசன் கட்டிய கோயிலின் தேர்வடிவ மண்டபத்தையும், அறுபத்துமூவர் வரலாற்றைக் கூறும் சிறு சிற்பங்களையும் அமைதியாகக் காணலாம். இரவில் கும்பகோணத்தில் தங்கலாம்.

மூன்றாம் நாட் பயணம் ஒரு பாடம். கும்பகோணத்திலிருந்து வடக்கே செல்லும் சாலை அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கிறது. அங்குள்ள கீழணை, காட்டனின் திட்டப்படி 1836ஆம் ஆண்டில் கட்டப்பெற்றது. அதற்கு அப்பால் உள்ளது, முதலாம் இராசேந்திரன் தலைநகராக்கிய கங்கைகொண்டசோழபுரம். இன்று அது ஒரு சிற்றூர். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமே எஞ்சியுள்ளது. கோயில் விமானம் ஓங்கி நிற்கிறது. அதனைச் சூழ்ந்த பெருமதிலோ சிதைந்தது. அம்மதிலின் கற்கள் எங்கே சென்றன? கீழணை கட்டுதற்காக அவை பெயர்த்தெடுக்கப்பெற்றன. உழவர்க்கு நீர் வேண்டும். அணை பழித்தற்குரியது அன்று. ஆனால், கல்லணையில் பழமையிடம் பாடம் கேட்ட காலமே, இங்குப் பழமையை வெறுங் கல்லாக மதித்தது. கல்லணையை முதல்நாளிலும் அணைக்கரையை மூன்றாம் நாளிலும் கண்டவருக்கே இம்முரண் புலப்படும். காணும் முறைமையே காட்சிக்குப் பொருள் தருகிறது.

அங்கிருந்து திரும்பி மயிலாடுதுறை வழியாகப் பூம்புகாரை அடைந்தால் பயணம் முற்றுப்பெறும். அருகிலுள்ள கீழையூரில் பண்டைய படகுத்துறையின் செங்கற் கட்டடம் அகழ்ந்து காணப்பெற்றது. கல்லணையில் பரந்து நின்ற காவிரி இங்கே சிற்றாறாய்க் கடலில் கலக்கிறது. அதன் நீரெல்லாம் வழிநெடுக வயல்களுக்குச் சென்றுவிட்டது என்பதை, உடன் வந்தவர் எவரும் சொல்லாமலே உணர்வர்.

நான்காம் வினாவுக்கும் இங்கே விடை உண்டு. கடற்கரையோரமாகத் தெற்கே சென்றால், 1620ஆம் ஆண்டில் தேனியர் கோட்டை எழுப்பிய தரங்கம்பாடியைக் காணலாம். அதற்கும் அப்பால் நாகப்பட்டினம் உண்டு. இரண்டும் காணத்தக்கனவே. எனினும் அவற்றை மற்றொரு பயணத்திற்கு விடுதலே அறிவுடைமை. விட்டது மீண்டும் அழைக்கும். விரைந்து கண்டதோ விரைவில் மறக்கும்.

திட்டமிட்டுச் செல்பவர் இடங்களை அறிவர். அறிந்தவர் அவற்றைக் காப்பர். கோயிற் சுவரில் தம் பெயரைக் கீறிச் செல்லும் பயணியும், அன்று மதிற்கல்லைப் பெயர்த்தவரும் அதன் அருமை உணராமையில் ஒருவரே. கண்ட இடத்தைக் கண்டவாறே பின்வருவோர்க்கு விட்டு வருதலே நற்பயணத்தின் நிறைவாகும்.