கறியை விட்டோம், அதன் இடத்தில் என்ன வைத்தோம்?

புரட்டாசி பிறந்துவிட்டால் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் கறிக்கடைப் பக்கம் யாரும் போவதில்லை. புரட்டாசி முடிந்து சில நாட்களில் தெலுங்கு அண்டை வீடுகளில் கார்த்திக மாசம் தொடங்கிவிடும். அவர்கள் விடுவதைப் பார்த்து நம் வீட்டிலும் நீட்டிப்பவர்கள் உண்டு. அதற்குள் பிள்ளைகள் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார்கள். சித்தூரில் இருந்தாலும் திருப்பதியில் இருந்தாலும் ஏழுமலையானின் நிழலில்தான் நம் குடித்தனம். மாமிசத்துக்கும் மதுவுக்கும் புகைக்கும் இடமில்லாத அந்த மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வாழ்கிறவர்களுக்கு, ஒருநாள் 'இனிமேல் எப்போதுமே வேண்டாம்' என்று தோன்றிவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு மாத விரதத்தைப் பற்றி நான் எழுத வரவில்லை. ஒரு மாதமோ ஒரு மண்டலமோ கறியும் மீனும் தின்னாததால் நல்ல உடம்புக்காரர் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. ஆயுளுக்கும் விட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் விட்டவர்கள், இருதய ஆபரேஷனுக்குப் பின் விட்டவர்கள், பேரப்பிள்ளை பிறந்தால் விடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு விட்டவர்கள் என்று நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அடியேனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். நான் டாக்டர் அல்ல, டிப்ளமா படித்து ரயில்வேயில் காலம் தள்ளியவன். ஆனால் என் உடம்பிலேயே பழுது கண்டபின், அதன் காரணத்தை விடாமல் தேடிப் படித்தேன்.

நடந்தது இதுதான். ஓய்வு பெற்ற வருடம் மலையேறிச் சேவித்துவிட்டு வந்து கறி, மீன், முட்டை மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். தட்டில் அந்த இடம் காலியாக இருக்கவில்லை. உருளைக்கிழங்கு வறுவல் வந்தது, அப்பளம் வந்தது, சோறு ஒரு கரண்டி கூடியது. மாலையில் மசால் வடை. சைவம் சாப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் சாப்பிட்டதெல்லாம் மாவும் எண்ணெயும்தான். ஒரு வருடத்தில் சர்க்கரை ஏறி, மெட்ஃபார்மின் மாத்திரை தொடங்கியது. நான்காம் வருடம் பாதங்கள் மரத்துப் போயின. வெறுந்தரையில் நடந்தாலும் பஞ்சு மெத்தையில் நடப்பது போல் இருக்கும். இருட்டில் தள்ளாட்டம் வேறு. சர்க்கரை செய்யும் வேலை என்றுதான் நானும் எண்ணினேன். ரத்தத்தைச் சோதித்தபோது, வைட்டமின் பி-12 மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் அந்த வைட்டமினைக் குடல் உறிஞ்சுவது குறையும் என்பதும், வயதானால் வயிற்றில் அமிலம் சுரப்பது குறைந்து அதுவும் ஒரு காரணமாகும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சைவம் மட்டும் குற்றவாளி அல்ல. மூன்றும் சேர்ந்தன.

இந்த வைட்டமினின் கதை சுவையானது. ஒருவகைக் கொடிய ரத்தசோகைக்கு ஈரலைத் தின்னக் கொடுத்தால் குணமாகிறது என்று 1926ல் அமெரிக்க டாக்டர்கள் கண்டார்கள். ஈரலில் இருந்த அந்தப் பொருளை 1948ல் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் பி-12. இதைச் செடிகொடிகளும் செய்வதில்லை, விலங்குகளும் செய்வதில்லை, சிலவகை பாக்டீரியாக்கள் மட்டுமே செய்கின்றன. ஆட்டின் வயிற்றில் அந்த பாக்டீரியாக்கள் குடியிருப்பதால் ஆட்டுக்குக் கிடைக்கிறது, ஆட்டைத் தின்பவருக்கும் கிடைக்கிறது. நம் பெருங்குடலிலும் அவை உண்டு. ஆனால் உறிஞ்சும் இடம் அதற்கு மேலே சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இருப்பதால், கீழே விளைவது நமக்குப் பயன்படாமல் போகிறது.

தேவையோ மிகச் சிறிது. ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஈரலில் சேமிப்பாக 2 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்கும், அதாவது வருடக்கணக்கில் வரும் கையிருப்பு. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். மேல்தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போது பம்பு நின்றுபோனது வீட்டில் யாருக்கும் தெரியாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதே! கறியை விட்ட முதல் வருடம் 'உடம்பு லேசாக இருக்கிறது' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

இதைத் தேடிப் படிக்கையில் அடுத்த ஊருக்கே வந்து சேர்ந்தேன். சித்தூரிலிருந்து காட்பாடி ரயிலில் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில், டாக்டர் ஜாதவ், டாக்டர் வெப், டாக்டர் வைஷ்ணவா, டாக்டர் பேக்கர் ஆகியோர் சில கைக்குழந்தைகளைக் கவனித்து, 1962ல் லண்டனின் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். தாய்ப்பாலில் வளர்ந்த குழந்தைகள் அவை. பார்த்தால் சிரிப்பதில்லை. தலை நின்று, உட்காரப் பழகிய பிள்ளைகள் மறுபடி துவண்டுபோயின. கைகால் தானாக நடுங்கும், தோலில் கருமை படரும், ரத்தம் குறைந்திருக்கும். தாய்மார்களிடமே பி-12 குறைவாக இருந்ததால் பாலிலும் அது இல்லை. பி-12 கொடுத்ததும் குழந்தைகள் தேறின. வேண்டுதலுக்காகக் கறியை விட்டாலும், வாங்க வழியில்லாமல் விட்டாலும் உடம்புக்கு வேறுபாடு தெரியாது.

இதே வேலூரில் 1980ல் இன்னொரு ஆராய்ச்சி 'நேச்சர்' ஏட்டில் வந்தது. தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் பாக்டீரியாக்களில் சில பி-12ஐச் செய்யவல்லவை என்று ஆல்பர்ட், மத்தான், பேக்கர் மூவரும் காட்டினார்கள். சைவ அன்பர்கள் சிலர் இதைப் பிடித்துக்கொண்டு, 'உடம்பே செய்துகொள்ளும், நமக்கு ஒன்றும் வேண்டாம்' என்கிறார்கள். செய்யக்கூடும் என்பது வேறு, நமக்குப் போதும் என்பது வேறு. போதும் என்றால் அதே ஊர்த் தாய்மார்களுக்கும் போதியிருக்குமே. இங்கிலாந்துக்குக் குடியேறிய இந்தியச் சைவர்களிடம் இந்தக் குறைவைக் கண்டு 1970களில் அந்நாட்டு டாக்டர்கள் எழுதியதும் உண்டு. பழைய சோற்றில் இருக்கிறது, இட்லி மாவில் இருக்கிறது, சுருள்பாசியில் இருக்கிறது என்று செல்போனில் வரும் செய்திகளையும் நம்பிவிட வேண்டாம். பழைய சோறும் இட்லியும் வேறு காரணங்களுக்காக நல்ல உணவு. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி பி-12 மாதிரித் தோற்றமுள்ள, நம் உடம்புக்கு உதவாத சரக்கு.

அப்படியானால் பால்? பாலில் இருக்கிறது. அளவில்தான் கோட்டை விடுகிறோம். 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 0.4 மைக்ரோகிராம். நம் வீட்டுக் காப்பி ஒரு டம்ளருக்கு 75 மில்லி பால் போனால் அதிகம். இரண்டு வேளைக் காப்பிக்கு 0.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டித் தயிரைக் கடைந்து நாலு டம்ளர் மோராக்கி வீடே குடித்தால், ஆளுக்கு வருவது ஒன்றுமில்லாத அளவு. நாள் முழுதும் 'பால், தயிர், மோர் எல்லாம் உண்டே' என்று சொல்லிக்கொண்டே பாதிக்கும் கீழே நிற்கிறோம். பாலும் கெட்டித் தயிருமாக ஆளுக்கு அரை லிட்டர் போனால்தான் கணக்கு நேராகும். பாலை அடுப்பில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் அதிலும் ஒரு பங்கு அழியும். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றில் அரை மைக்ரோகிராம் கிடைக்கும். பாலையும் சேர்த்து விட்டவர்களுக்கு மாத்திரையைத் தவிர வேறு வழி கிடையாது.

புரதத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கவலைப்படுகிறார்கள். 'கறி இல்லாவிட்டால் தெம்பு ஏது' என்று என் மைத்துனர் இன்றும் கேட்கிறார். உண்மையில் இதுதான் எளிது, அதிலும் இந்த ஜில்லாவில். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918ல் நம் குன்னூரில் தொடங்கி 1958ல் அங்கே போன நிறுவனம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்று 2020ல் வெளியான கணக்கு சொல்கிறது. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். நாள் முழுதுக்கும் 300 கிராம் அரிசி சமைத்தால் அதிலேயே 20 கிராமுக்கு மேல் வந்துவிடும். பருப்பு 60 கிராம் போட்டால் 13, ஒரு கைப்பிடி வேர்க்கடலைக்கு 7, பாலும் தயிருமாக 400 மில்லிக்கு 13. கணக்கு தாண்டிவிட்டது. அரிசியில் குறைவான லைசின் என்ற சத்து பருப்பில் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. ஆனால் 60 கிராம் பருப்பு என்பது நம் சாம்பாரில் வருவதில்லை. இங்கேதான் தெலுங்குக்காரர்களிடம் நாம் கற்க வேண்டும். அவர்கள் பப்பு கரண்டியில் நிற்கும், நம் சாம்பார் ஓடும். காலையில் தோசைக்குப் பதில் வாரம் இரண்டு நாள் முழுப் பச்சைப்பயறு ஊறவைத்து அரைத்த பெசரட்டு வார்த்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

கொள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. உலவசாறு என்று இங்கே கொண்டாடுகிறார்களே, அதற்குக் கொள்ளை வேகவைத்து வடித்த நீர்தான் மூலப்பொருள். சாறு நமக்கு, வெந்த கொள்ளு மாட்டுக்கு என்பது பழைய பங்கீடு. புரதமெல்லாம் எருதுக்கே போயிற்று! சாறு வைக்கும்போது கொள்ளையும் தாளித்துச் சுண்டலாக்கிவிடுங்கள்.

ராகி சங்கடியை இந்தப் பக்கம் நாட்டுக்கோழிப் புலுசோடுதான் தின்பார்கள். கோழி போனதும் சங்கடியும் வீட்டை விட்டுப் போய்விட்டது என்பதை என் வீட்டில் கண்டேன். அது பெரிய நஷ்டம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குமேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. வேர்க்கடலைத் துவையலோடும் புளிச்சக்கீரைப் பப்போடும் சங்கடி நன்றாகவே இறங்குகிறது.

இரும்புச்சத்து பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது அதே கணக்கு, ஆண்களுக்கு 19. கீரை, கேழ்வரகு, கம்பு, பயறு எல்லாவற்றிலும் இருந்தாலும், கறியில் இருப்பது போல் எளிதில் உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை பிழிந்தால், நெல்லிக்காயோ கொய்யாவோ கூடச் சேர்த்தால் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீயும் காப்பியும் குடித்தால் ஒட்டவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். பயறை முளைகட்டினாலும், மாவைப் புளிக்க வைத்தாலும் இரும்பைக் கட்டிவைத்திருக்கும் பொருள் குறையும்.

எனக்கு ஊசி போட்டார்கள். தள்ளாட்டம் நின்றது. பாதத்தின் மரப்பு முழுதும் போகவில்லை, நரம்பில் ஏறிய பழுது தாமதித்தால் அப்படித்தானாம். அந்த வாரமே பெங்களூரில் இருக்கும் மருமகளின் நினைவு வந்தது. பிள்ளை வரம் வேண்டி எங்களோடு சேர்ந்து கறியை விட்ட பெண். அப்போது ஐந்தாம் மாதம், மசக்கையில் பால் வாடையே ஆகவில்லை என்று அதையும் விட்டிருந்தாள். போனில் கேட்டபோது, 'ஃபோலிக் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் மாமா' என்றாள். ஃபோலிக் மாத்திரை ரத்தசோகையை மறைத்துவிடும், பி-12 குறைந்தால் நரம்புக்கு வரும் கேட்டைத் தடுக்காது. டாக்டரிடம் கேட்டுச் சோதிக்கச் சொன்னேன். குறைவாகத்தான் இருந்தது. உரிய மருந்து கொடுத்தார்கள். பேரன் இப்போது வீடு முழுக்கத் தவழ்கிறான்.

என் மனைவிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. 'மாமிசத்தில் இருப்பதை மாத்திரையாக விழுங்கினால் வேண்டுதல் என்னாவது?' நியாயமான கேள்வி, விசாரித்தேன். மருந்துக்கடையில் விற்கும் பி-12ஐ பாக்டீரியாக்களை வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள், அதற்கு ஆடும் வேண்டாம் மாடும் வேண்டாம். கவனிக்க வேண்டியது உறையை. கேப்ஸ்யூலின் மெல்லிய உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. அதனால் வெறும் மாத்திரையாகக் கேட்டு வாங்குகிறோம். எந்த அளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை ரத்தச் சோதனையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும், என் சீட்டைப் பார்த்து நீங்கள் வாங்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது பால் அரை லிட்டர் கூடுதலாக வருகிறது, மோரில் தண்ணீர் குறைந்திருக்கிறது. மசால் வடையை மட்டும் சனிக்கிழமைக்கென்று வைத்திருக்கிறோம்.