உங்கள் பெயர் உள்ள பட்டியலை யார் யார் திறக்கிறார்கள்?

காரைக்குடியில் ஒரு நகைக்கடையின் மாதச் சேமிப்புத் திட்டத்தில் சேர்கிறீர்கள். பெயர், கைபேசி எண், வீட்டு முகவரி, ஆதார் நகல், வாரிசுதாரர் பெயர், திருமண நாள் என்று கவுன்ட்டரில் இருப்பவர் வரிசையாகக் கேட்டுக் கணினியில் ஏற்றுகிறார். எல்லாம் சேர்ந்து ஒரு பட்டியலில் ஒரே ஒரு வரி. இந்த வீட்டுக்கு இத்தனையாவது மாதத்தில் நகை வரப்போகிறது என்பதையும் அந்த வரியைப் படிப்பவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவசரத் தொடர்பு என்ற கட்டத்தில் +65 என்று தொடங்கும் மகனின் எண் இருந்தால், பிள்ளை சிங்கப்பூரில், பெரிய வீட்டில் ஆச்சி மட்டும் என்பதும் தெரிந்துவிடும். செட்டிநாட்டில் இப்படிப்பட்ட வீடு தெருவுக்குச் சில உண்டு.

இந்தப் பட்டியலைக் கடையில் யார் யார் திறக்கலாம்? கேட்டால், "சிஸ்டத்துக்குப் பாஸ்வேர்டு இருக்குங்க" என்பதுதான் வழக்கமான பதில். பாஸ்வேர்டு தலைவாசலை மட்டும்தான் காக்கும். உள்ளே வந்தவர் எந்தப் பட்டியலைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம், எதைப் பதிவிறக்கி எடுத்துப் போகலாம், வேறு யாருக்கு வழி திறந்துவிடலாம் என்பதெல்லாம் தனித்தனி அனுமதிகள். தகவல் கசிந்த பல சம்பவங்களில் பூட்டை யாரும் உடைக்கவில்லை. அனுமதி தாராளமாகக் கொடுக்கப்பட்டிருந்தது, அல்லது கொடுத்ததை யாரும் திரும்ப வாங்கவில்லை.

பெரிய நிறுவனங்களே இதில் கோட்டை விட்டிருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ் மென்பொருளில் உருவாக்கிய இணைய வாசல்களில், பட்டியல்களுக்கான அனுமதிக் கட்டுப்பாட்டை அமைப்பவரே தேடிப்போய் இயக்க வேண்டியிருந்தது. இயக்காமல் விட்டால் பட்டியல் ஊருக்கே திறந்து கிடக்கும். 2021 ஆகஸ்டில் அப்கார்ட் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இதை வெளியிட்டபோது, 47 அமைப்புகளின் 3 கோடியே 80 லட்சம் பதிவுகள் இப்படிக் கிடந்தது தெரிய வந்தது. கொரோனா தொடர்புத் தடமறிதல் பட்டியல், தடுப்பூசி முன்பதிவு, வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் அடையாள எண்கள் எல்லாம் அதில் இருந்தன. மைக்ரோசாஃப்டின் சொந்தப் பட்டியல்களும் சில உண்டு. அதன் பிறகுதான் இனி உருவாகும் வாசல்களில் கட்டுப்பாடு தானாகவே இயங்கும்படி அந்த நிறுவனம் மாற்றியது. சென்னையிலும் பெங்களூருவிலும் பல ஐ.டி. ஊழியர்கள் தினமும் திறக்கும் சர்வீஸ்நவ் மென்பொருளில் 2023 அக்டோபரில் இதற்கு நெருங்கிய உறவான சிக்கல் வெளிவந்தது. பட்டியலைக் காட்டும் சிறு பகுதி ஒன்று பொதுப் பார்வைக்குத் திறந்திருந்தது. அனுமதி விதி எழுதும் இடம் காலியாக இருந்தால், மென்பொருள் அதை "எல்லோருக்கும் சரி" என்று எடுத்துக்கொண்டது. விதி எழுதாத இடத்தில் கதவு மூடியிருக்கும் என்றுதான் நாம் நினைப்போம்.

நம் மாநிலத்து அனுபவம் இதற்கு மறுபக்கம். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளம் காணும் தளத்துக்குள் வெளியார் நுழைந்தது தெரிய வந்தது. காவல் நிலையங்களில் 46 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தும் தளம் அது. அட்மின் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு பறிபோனதை ஒப்புக்கொண்ட காவல்துறை, அந்தக் கணக்குக்குப் பயனர்களை உருவாக்குவது, எத்தனை தேடல்கள் நடந்தன என்று பார்ப்பது போன்ற குறைந்த அனுமதிகளே இருந்ததாக விளக்கியது. இப்படியொரு தளம் இருக்கலாமா என்பது வேறு விவாதம். அட்மின் என்ற பெயர் இருப்பதாலேயே எல்லாவற்றையும் கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்த விளக்கம் ஓர் உதாரணம்.

செட்டிநாட்டுக்கு இது புதிய பாடம் இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்களுக்குப் படி இருந்தது. அவரவர் கை எதுவரை போகலாம் என்பதும் அந்தப் படியைப் பொறுத்தே இருந்தது. முதலாளி கொடுத்த அதிகாரப் பத்திரத்தோடு போன ஏஜெண்டுக்கு வழக்கமாக மூன்றாண்டுத் தவணை. தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்து, பொறுப்பை அடுத்தவர் கையில் மாற்றிவிட்டுத்தான் ஊருக்குக் கப்பல் ஏறுவார். அனுமதிக்கு அளவும் உண்டு, முடிவு தேதியும் உண்டு. இன்றைய கடைகளில் அளவையாவது சிலர் பார்க்கிறார்கள். முடிவு தேதியை யாரும் பார்ப்பதில்லை.

இங்கே பெரும்பாலான பட்டியல்கள் சர்வீஸ்நவ்வில் இல்லை, கூகுள் ஷீட்டில் இருக்கின்றன. பரம்பரை வீட்டை விடுதியாக நடத்துபவர், வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அவர் விவரம் அனுப்பக் கடமைப்பட்டவர். அதற்காக வாங்கும் கடவுச்சீட்டு விவரங்கள் ஒரு ஷீட்டில் சேர்கின்றன. ஸ்கேன் சென்டரில், தனிப்பயிற்சிக் கூடத்தில், ஆத்தங்குடி கல் ஆர்டர் எடுக்கும் இடத்தில், கண்டாங்கிச் சேலை இணையத்தில் விற்கும் வீட்டில், எங்கும் இதே கதைதான். கோயில்களும் விலக்கல்ல. கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் புள்ளிக் கணக்கு ஏட்டில் இருந்தவரை அதைப் பார்க்கக் கோயிலுக்கு வர வேண்டும். அதே கணக்கு கைபேசி எண்ணோடும் வெளிநாட்டு முகவரியோடும் ஷீட்டாகி, வாட்ஸ்அப் குழுவில் லிங்க்காக விழுந்தால், குழுவில் இருப்பவரின் பேரன் வரைக்கும் போகும்.

உங்கள் கடை ஷீட்டை இப்போதே கணினியில் திறந்து 'ஷேர்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். மேலே பெயர்ப் பட்டியல் வரும். வேலையை விட்டுப் போனவர் பெயர் அதில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கீழே 'ஜெனரல் ஆக்சஸ்' என்ற இடத்தில் 'எனிஒன் வித் த லிங்க்' என்று இருந்தால், லிங்க் கிடைத்த யாரும் உள்ளே வரலாம், வந்தவர் பெயர்கூடத் தெரியாது. அதை 'ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். அதே பெட்டியின் மேல் மூலையில் பல்சக்கரப் படம் இருக்கும். அதற்குள் இரண்டு டிக். திருத்தும் அனுமதி உள்ளவர், உங்களைக் கேட்காமலே இன்னொருவருக்கு அனுமதி கொடுக்கலாம் என்பது ஒன்று. பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர் பதிவிறக்கலாம், அச்சிடலாம், நகலெடுக்கலாம் என்பது மற்றொன்று. நாமாகப் போய் எடுக்காதவரை இரண்டும் இருக்கும். எடுத்தாலும் திரையைக் கைபேசியில் படம் பிடிப்பதைத் தடுக்க முடியாது என்பது வேறு விஷயம்.

பெயர்ப் பட்டியலில் 'ஓனர்' யார் என்பதையும் பாருங்கள். பல கடைகளில் அது கடைக்காரரே இல்லை. என்றோ ஷீட் போட்டுக் கொடுத்த கணக்குப்பிள்ளையின் சொந்த ஜிமெயில், அல்லது அக்கா மகனின் கல்லூரிக் கணக்கு. அவர் கோபித்துக்கொண்டு போனாலும், அந்தக் கணக்கு மூடப்பட்டாலும் வாடிக்கையாளர் பட்டியல் அவரோடு போய்விடும். அவர் இங்கே இருக்கும்போதே உரிமையைக் கடையின் கணக்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது; கல்லூரிக் கணக்கிலிருந்து வெளியே உரிமை மாற்ற முடியாது என்பதால், அங்கே கடையின் கணக்கில் ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒளிப்பதைப் பூட்டுவதாக நினைப்பது இன்னொரு பரவலான பிழை. சம்பளக் கட்டத்தை 'ஹைடு' செய்துவிட்டு ஷீட்டைப் பகிர்கிறார்கள். திருத்தும் அனுமதி உள்ளவர் ஒரே சொடுக்கில் அதை வெளியே கொண்டுவந்துவிடுவார். பார்க்க மட்டும் வந்தவரும் நகலெடுத்துத் தன் பிரதியில் திறக்கலாம். மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்ஸில் ஒரு கட்டத்தைப் பார்வையிலிருந்து நீக்கினாலும் அதற்கென்று தனி அனுமதி கிடையாது. பட்டியலைப் பார்க்க முடிந்தவர் வேறு வழியில் அதையும் பார்ப்பார். எல்லோருக்கும் தேவைப்படாத விவரத்தை வேறு கோப்பில் வைப்பதுதான் வழி. சர்வீஸ்நவ் போன்றவற்றில் வரிக்கும் கட்டத்துக்கும் தனித்தனி விதி எழுதலாம். அங்கே உங்களுக்கு உரிமையில்லாத வரிகளை மறைத்துவிட்டு, பாதுகாப்புக் காரணத்தால் இத்தனை வரிகள் நீக்கப்பட்டன என்று அடியில் ஓர் எண் காட்டும். தேடலை மாற்றி மாற்றிப் போட்டு அந்த எண்ணை வைத்தே எதையாவது ஊகிக்கும் கெட்டிக்காரர்கள் அலுவலகத்தில் உண்டு என்பதையும் அட்மின்கள் நினைவில் வைப்பது நல்லது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. வீட்டுச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் பட்டியலுக்கு இது பொருந்தாது. கடைக்கும் சங்கத்துக்கும் அறக்கட்டளைக்கும் பொருந்தும். தரவை யார் அணுகலாம் என்பதைக் கட்டுப்படுத்த வேண்டும், யார் எப்போது திறந்தார் என்ற பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும், கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், முழு விவரத்தை வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன விதிகள். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பட்டியலில் பெயர் உள்ளவருக்கு, என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், தவறைத் திருத்தச் சொல்லவும், தேவை முடிந்ததை அழிக்கச் சொல்லவும் உரிமை உண்டு. புகார் கொடுத்தால் 90 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

இவற்றில் பெரும்பகுதி நடைமுறைக்கு வருவது 2027 மே மாதத்தில். அதுவரை கையில் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 இப்போதும் செல்லும். உரிமையாளர் அனுமதியின்றிப் பட்டியலைத் திறப்பதும் நகலெடுப்பதும் அதன் 43ஆம் பிரிவில் வரும். பழைய பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்கிறது என்பது அனுமதி ஆகாது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒப்பந்த வேலையில் கைக்கு வந்த தனிநபர் விவரத்தைத் தீய நோக்கில் வெளியே கொடுத்தால் 72ஏ பிரிவு; அதற்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

நட்டஈடு கேட்க 43ஏ பிரிவு இருக்கிறது. வங்கி விவரம், மருத்துவ அறிக்கை போன்றவற்றைக் காக்கத் தவறி உங்களுக்கு இழப்பு ஏற்படுத்திய நிறுவனத்தின் மீது, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் முறையிடலாம். தீர்ப்பு அதிகாரி அவர்தான். 5 கோடி ரூபாய் வரையான கோரிக்கையை விசாரிப்பார். ஆனால் புதிய சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும்போது 43ஏ நீக்கப்படுகிறது. புதிய சட்டத்தில் அபராதம் அரசின் கணக்கில் சேரும், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூட வராது. பேச்சு முழுக்க 250 கோடியைச் சுற்றியே ஓடுகிறது. பறிகொடுத்தவர் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டால், இந்த மாற்றம் எனக்குச் சரியாகப் படவில்லை.

எளிய வழி ஒன்று நம் மாவட்டத்திலேயே உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நம்பிக்கையோடு கொடுத்த தனிப்பட்ட விவரத்தைச் சட்டப்படி அல்லாமல் பிறருக்குத் தருவதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ காசு கொடுத்தவர் இரண்டு ஆண்டுக்குள் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. அதற்கு முன் கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். என் விவரம் எந்தப் பட்டியலில் இருக்கிறது, யாருக்கெல்லாம் அனுமதி, யாருக்கு அனுப்பினீர்கள் என்ற மூன்று கேள்வி போதும். கசிந்த விவரத்தை வைத்துப் பணம் பறித்திருந்தால் கடிதத்துக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பிருப்பது தொடக்கத்தில்தான். கடையின் பக்கமும் ஒரு கடமை உண்டு. தரவுக் கசிவு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் இருக்கும் உத்தரவு.

அளவுக்கு மீறிய அனுமதி, அதை வைத்திருக்கும் ஊழியருக்கும் ஆபத்து. யாரும் இதைச் சொல்வதில்லை. ஆறு பேர் ஒரே கணக்கில் ஒரே பாஸ்வேர்டு போட்டு நுழையும் கடையில் பட்டியல் வெளியே போனால், யார் எடுத்தார் என்று கணினி சொல்லாது. கடைசியாக வேலையை விட்ட பெண்ணின் மீதோ, முதலாளிக்குப் பிடிக்காத பையன் மீதோதான் சந்தேகம் விழும். எடுக்கவில்லை என்று நிரூபிக்க அவர்கள் கையில் எதுவும் இருக்காது. ஆகவே நீங்கள் கடை ஊழியர் என்றால் உங்கள் பெயரில் தனிக் கணக்கு கேளுங்கள். பில் போடுவது மட்டும் உங்கள் வேலை என்றால், "அண்ணே, கஸ்டமர் ஷீட்ல எனக்கு எடிட் வேணாம், எடுத்துவிடுங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. வேலையை விடும் நாளில், உங்கள் அனுமதிகள் எல்லாம் நீக்கப்பட்டன என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். கடைசி மாதச் சம்பளத்தையும் அனுபவச் சான்றிதழையும் கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம்.